விருந்தாளித் தட்டு

உலைக்கூடத்துக்குள் கைக்கடிகாரம் கட்டக் கூடாது,
காந்தம் தின்றுவிடும்.
சாவிக்கொத்தை உள்ளங்கையில் வைத்தால்
ஒவ்வொரு சாவியும் எழுந்து நிற்கும்
ராஜா வருகிறார் என்று யாரோ சொன்னதுபோல.

தொள்ளாயிரத்து அறுபது டிகிரி.
பதினோரு வருடமாக
உருகிய அலுமினியத்தின் மேல்தோலை உடைக்கிறேன்.
பஹ்ரைனில், அஸ்கரில்.
இங்கிருந்து கடல் தெரியாது,
அதன் வியர்வை மட்டும் சட்டைக்குள் வரும்.

ஜூலையில் அந்தப் பையன் வந்தான்.
பிரெஞ்சுக் கம்பெனி எஞ்சினியர், இருபத்தெட்டு வயது,
என் நிறம்.
தலைக்கவசத்தில் பெயர்: லாச்சுமனேன்.
இரண்டு நாள் உற்றுப் பார்த்த பிறகுதான் விளங்கியது,
எவனோ ஒரு குமாஸ்தா
காதில் விழுந்தபடி எழுதிவைத்த
லட்சுமணன்.
ரீயூனியன் தீவாம். தமிழ் தெரியாதாம்.

நான் காரைக்கால் என்றேன்,
ஆறாம் வகுப்போடு நின்றுபோன என் பிரெஞ்சில்.
அவன் சிரித்துவிட்டு உலையைக் காட்டினான்:
இந்த உலோகத்தை முதலில் கொஞ்சியவன்
எங்கள் மூன்றாம் நெப்போலியன்.
மற்ற விருந்தாளிக்குத் தங்கக் கரண்டி,
மேலான விருந்தாளிக்கு அலுமினியக் கரண்டி.
அப்படித்தான் சொல்வார்கள். பார்த்தவர் யார்?
பிறந்த மகனுக்கு
அலுமினியத்தில் ஒரு கிலுகிலுப்பை.

எங்கள் ஊரில் அது பிச்சைத் தட்டு என்றேன்.
ஜெயில் தட்டு. மதிய உணவுக்கு
இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடிய தட்டு.

பிறகு என்ன ஆயிற்று அந்த வம்சம்
என்று கேட்டான் லோக் பகதூர், இந்தியில்.
நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.
அப்பன் செடானில் தோற்றுப் பிடிபட்டான்,
இங்கிலாந்தில் போய்ச் செத்தான்.
மகன்,
அப்பனின் பெரியப்பனைத் தீவில் அடைத்த
அதே இங்கிலாந்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு
சூலு நாட்டுக்குப் போனான்.
மிரண்ட குதிரையில் ஏறப் பாய்ந்தபோது
சேணத்தில் ஒரு வார் அறுந்தது.
இருபத்து மூன்று வயது.
அவ்வளவுதான் சாம்ராஜ்யம்.

வாரைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டது யார்
என்றான் லோக் பகதூர்.
இடுப்பு வார் பார்க்காமல்
ஏணியில் கால் வைக்காதவன் அவன்.

தீவு என்று சொன்னபோது மட்டும்
மூன்று பேரும் கொஞ்சம் பேசாமல் நின்றோம்.

அன்று இரவு மேல்கட்டிலில் படுத்து
போனில் தேடிப் படித்தேன்.
கரண்டி மின்னிய அதே ஆட்சியில்
ஆயிரத்து எண்ணூற்று அறுபதில்
லண்டனோடு ஓர் உடன்படிக்கை:
ரீயூனியன் கரும்புக்கு இந்தியக் கூலிகள்.
ஐந்து வருடம்.
திரும்பக் கப்பல் உண்டு என்று தாளில் இருந்தது.
என் தாள் இரண்டு வருடம்,
ஐந்து தடவை புதுப்பித்தது.
அதிலும் டிக்கெட் உண்டு.
கீழ்க்கட்டிலில் யாரோ ஏசியைக் கூட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை அவனைக் கேம்புக்கு அழைத்தோம்.
எவர்சில்வர் தட்டுகளைத் தேய்த்து வைத்திருந்தோம்.
அவன் அடுக்குக்கு அடியில் கையை விட்டு
நசுங்கிய அலுமினியத் தட்டை உருவினான்.
சோப்பு டப்பா வைக்கிற தட்டு அது.
வேண்டாம் சார் என்றோம் நாலு பேர், நாலு மொழியில்.
அவன் கேட்கவில்லை.

சோறு, நெத்திலிக் குழம்பு,
கேம்பின் பின்சுவரோரம் பறித்த கீரை.
முதல் உருண்டை வாய்க்குப் போகுமுன்
மோந்து பார்த்தான்.
புருவம் ஏறியது.
"முரூங்!" என்றான்.

முருங்கை என்றேன்.
முரூங் என்றான் மறுபடி, பிடிவாதமாக,
நான்தான் தப்பாகச் சொல்கிறேன் என்பதுபோல.
சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று
கடைசி வரை கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
அண்ணன் பின்னாலேயே காட்டுக்குப் போனவன்
என்று சொல்லியிருப்பேன்.
பதினாலு வருடம் என்பதைச் சொல்லியிருப்பேனா, தெரியாது.
எனக்கு இன்னும் மூன்று பாக்கி.

தட்டைத் தானே கழுவினான்.
வாளித் தண்ணீரில் விட்டதும் அது மூழ்கவில்லை,
ஒரு சுற்றுச் சுற்றி
லோக் பகதூர் பக்கம் போய் முட்டியது.
அவன் அதை எடுத்து
பழையபடி சோப்பு டப்பாவை வைத்தான்.