நாற்பதுக்கு இருபத்திரண்டு

சனிக்கிழமை மூன்று மணி என்று போட்டிருந்தது.
மூன்றே முக்காலுக்குப் பதினோரு பேர் சேர்ந்தோம்
சிவதாபுரத்துப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம்,
சத்துணவுக் கூடத்துத் தண்ணீர் ஓடிப்போய்க் காய்கிற இடத்தில்.

பத்தரை இஞ்சு, பதினொன்று என்று
கணுக்கால் கணக்கிலேயே பழகிய கை எனக்கு.
கயிற்றின் மறுமுனையை இழுத்துக்கொண்டு போன சென்றாயன்
"நாப்பது" என்று கத்தியபோது
அது அடிக்கணக்கு என்பது உறைக்கவே ஒரு நொடி ஆனது.
குறுக்கே இருபத்திரண்டு.
எமல்டா டீச்சர் கோலப்பொடியால் மூலை காட்டினார்.

பிறகு ஆரம்பித்தது.

சென்றாயன் லாரித் தார்ப்பாய் தருகிறாராம், சும்மாவே.
"அதுக்கடியில புள்ளைங்க அவிஞ்சு போயிரும்" என்ற நசீமா
பச்சை வலை வாங்கினால் ஓரம் அடித்துத் தருவதாகச் சொன்னாள்.
அங்கமுத்து, பழைய டயர்களைப் பாதி புதைத்தால்
உட்கார இடமாச்சு என்றார்.
டயருக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் கொசு,
கொசுவுக்குள் டெங்கு
என்று டீச்சர் சொல்லிக்கொண்டே போனதில்
டயர் தானாக உருண்டு போய்விட்டது.
வரம்புக்கு வெள்ளைக்கல். அதை யாரும் எதிர்க்கவில்லை;
எங்கள் பக்கம் கல்லுக்கா பஞ்சம்.

கரும்பலகை எந்தச் சுவரில்?
மேற்கில் என்றோம்.
அப்போது பார்த்துக் கஞ்சமலைப் பக்கத்து வெயில்
நேராக வந்து முகத்தில் அடித்தது.
கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு
பதினோரு பேரும் சலாம் போடுகிற மாதிரி நின்றோம்.
சரி, கிழக்கில்.

நிழலுக்குப் புங்கை.
வேம்பு கேட்ட இரண்டு பேர் விட்டுக்கொடுத்தார்கள்,
அல்லது களைத்துப்போனார்கள்.
ஆளுயரம் வர மூன்று வருஷம்.
நிழல் வட்டமாக விழ ஐந்தாறு.

கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது.
பெயர், பிள்ளை பெயர், வகுப்பு.
எட்டு. எட்டு. ஏழு. எட்டு.
நானும் எழுதினேன்: தர்ஷிகா, எட்டு.
நோட்டை வாங்கிப் பார்த்த டீச்சர்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
இந்தப் பள்ளியில் எட்டுக்கு மேல் கிடையாது.
ஏப்ரல் முடிந்தால் டி.சி.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தோம்.
"அப்ப யாரு ஊட்டுப் புள்ளைக்கு நான்..."
என்று ஆரம்பித்த சென்றாயன்
கயிற்றைச் சுருட்டுவதா விடுவதா என்று
கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராசகிளி இடுப்புப் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.
"இவனுக்கு ஒண்ணரை வயசு. எழுதிக்கங்க."
வகுப்பு என்ற கட்டத்தில் டீச்சர் ஒரு கோடு போட்டார்.

எனக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.
பற்றவைக்கிற பலகையில் நாளெல்லாம்
நான் கோக்கிற கண்ணி எந்தக் காலுக்கு என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
கூலி மட்டும் கேட்டிருக்கிறேன்.
இதில் கூலி இல்லை, அதுதான் வித்தியாசம்.
சின்ன வித்தியாசமும் இல்லை அது:
அரை நாள், இருநூற்றைம்பது ரூபாய்.

"எனக்கில்லாத மரத்துக்கு நீ ஏம்மா போற?"
ராத்திரி தர்ஷிகா கேட்டாள்.
குழம்பைச் சுட வை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை குழி.
முதல் குழி ஒன்றரை அடியில் ணங் என்றது.
கடப்பாரை எகிறி அங்கமுத்துவின் செருப்பைக் கிழித்தது.
அடியில் ஒரே வெள்ளைப்பாறை.
வடக்கே இரண்டடி தள்ளினோம். அங்கேயும் கல்.
இன்னும் தள்ளி, கொஞ்சம் வளைத்து,
கடைசியில் பார்த்தால்
நாற்பதுக்கு இருபத்திரண்டு நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.
தரையில் இருப்பது
யாரோ கடித்து வைத்த தட்டுவடை மாதிரி ஒரு வடிவம்.

மே மாதம் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும்.
தண்ணீர் யார் ஊற்றுவது?
முதல் வாரம் நசீமா.
இரண்டாவது சென்றாயன், லோடு இல்லையென்றால்.
இருந்தால் அவர் சம்சாரம்;
அந்த அம்மாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.
மூன்றாவது நான்.
நாலாவது,
கத்திரி வெயிலின் கடைசி வாரம்,
காலியாக இருக்கிறது.