கால் அங்குலம்

இரவு ஒன்றே முக்காலுக்குப் போன் அடித்தது.
ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
"நீ பூட்டின ஃபர்னஸ் நின்றுவிட்டது" என்றது குரல்.
திட்டவில்லை.
திட்டியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட
எனக்கும் ஏதாவது கிடைத்திருக்கும்.

வான் சூடாகும் நேரத்தில்
முதலாளி குகானந்தனுக்கு அடித்தேன்.
நித்திரைக்குள் இருந்தபடியே சொன்னார்:
"குளிர் கூடிப்போச்சு எண்டு சொல்லு.
இல்லாட்டி கொம்பனிப் பிழை எண்டு சொல்லு.
ராத்திரிக் கூலி நூற்றி எண்பது.
எழுத்தில ஒண்டும் குடுக்காதை."
கெட்ட மனிதர் அல்ல. மூன்று வான், நான்கு கடன்.
சரி என்றேன்.
சரி என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

ஸ்காபரோவில், நீல்சன் ரோட்டுக்குப் பின்னால்
தோளோடு தோள் ஒட்டிய வீடுகள்.
எல்லாச் சுவரிலும் குழாய் வழியே வெள்ளை ஆவி.
ஒன்று மட்டும் மூச்சு விடவில்லை.

கதவைத் திறந்தவர் ஆல்ட்வின்,
முப்பது வருடம் பஸ் ஓட்டிய கிரனடாக்காரர்.
கோட்டு, தொப்பி, கையுறை.
சொந்தக் கூடத்திலேயே
பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர் போல.
மீன்தொட்டியைக் கம்பளியால் சுற்றியிருந்தார்,
காய்ச்சல்காரப் பிள்ளையைச் சுற்றுவதுபோல.
"இருபத்தாறில் இருக்கவேண்டிய தண்ணி.
இப்ப பத்தொன்பது."
தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வெளிச்சுவரில் டார்ச் அடித்தேன்.
குழாயின் வாயில் ஒரு முஷ்டி பனிக்கட்டி.
நிலவறைக்கு வந்து மட்டம் வைத்தேன்.
குமிழி போய் நின்ற பக்கத்தைப் பார்த்ததும்
காது சுட்டது.

அடிக்குக் கால் அங்குலம்
உள்ளே சரியவேண்டிய குழாய்
வெளியே சரிந்திருந்தது.
நவம்பர், வெள்ளிக்கிழமை, கடைசி வேலை.
மட்டம் வானில் கிடந்தது.
ஏறிப்போய் எடுக்கச் சோம்பி
கண்ணால் அளந்தேன்.

குளிரில் பிழையில்லை.
கொம்பனியில் பிழையில்லை.

இந்த நாட்டில் சொறி மிக மலிவு.
காலை மிதித்தவனும் சொல்வான்,
மிதிபட்டவனும் சொல்வான்.
போனில் காத்துக் கிடந்தால்
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்
பதிவுசெய்த பெண்குரல் நாற்பது தரம் சொல்லும்.
தமிழில் எழுதிப் பாருங்கள், சொறி.
சொன்னவனுக்கு அரிப்பு அடங்கும்.
கேட்டவன் குளிரில்தான் நிற்பான்.

ஆகவே அந்தச் சொல்லை எடுக்காமல்
அவரைக் கீழே கூட்டிவந்து
மட்டத்தை அவர் கையில் கொடுத்தேன்.
"குமிழியைப் பாருங்கள்.
இது நான் விட்ட பிழை. அளக்காமல் பூட்டினேன்.
காசு வேண்டாம்.
சூடு வரும்வரை இங்கேதான் இருப்பேன்."

நெடுநேரம் பார்த்தார் குமிழியை.
கையுறையைக் கழற்றிவிட்டு
மறுபடியும் வைத்துப் பார்த்தார்.
மன்னிக்கவில்லை. தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.
"முதலில் மீன்" என்றார்.

வானிலிருந்த இரண்டு மின்சூடாக்கியும்
தொட்டியருகே போயின.
பனியைத் தட்டி, குழாயை அறுத்து,
ஒவ்வொரு அடிக்கும் மட்டம் வைத்து,
பசை காயும்வரை கையால் பிடித்து நின்றேன்.
ஐந்தே காலுக்கு நீலச் சுவாலை பிடித்தது.
வீடு முழுவதும் ஒரு பெருமூச்சு.
தொட்டி இருபத்திரண்டு.

ஒரு மீன் மட்டும் மேலே மிதந்தது.
கரண்டியால் எடுத்து என்னிடம் காட்டினார்,
ஆரஞ்சு நிறம், சுண்டுவிரல் நீளம்.
அவர் பேசவில்லை. நானும்.
நான் எதைத் திருப்பிப் பூட்டினாலும்
அது திரும்பாது.

குகானந்தன் நூற்றி எண்பதை
என் சம்பளத்தில் பிடித்தார்.
பிடிக்கட்டும்.

மார்ச் முடிவில் ஒரு போன்.
"குசினிக் குழாய் ஒழுகுது. வா."
"ஐயா, நான் ஃபர்னஸ்காரன்.
தண்ணிக்குழாய் என் வேலை இல்லை" என்றேன்.

"தெரியும்" என்றார் ஆல்ட்வின்.
"மட்டத்தையும் கொண்டு வா."