நூற்றுப் பத்து வோல்ட்

டொராண்டோ, யூனிவர்சிட்டி அவெனியூ,
நாலாம் மாடி. சூடு போதவில்லை.
ஜாக்கெட்டைக் கழற்றாமலே இருந்தேன்.
காலை பத்திலிருந்து
என் விரல்களைப் பற்றி
ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

எங்கே என்பதுதான் கேள்வி.
கல் கொத்தியது கோயம்புத்தூரில்.
பெட்டி கைமாறியது சிங்கப்பூரில்.
விலைச்சீட்டு ஒட்டியது மார்க்கம் வீதிக் கடையில்.
விரல்கள் மட்டும் விழுந்தது
ஸ்காபரோவில், என் குசினியில்,
சுவிட்ச் அணைந்திருந்தும் கல் சுழன்ற ஒரு சனிக்கிழமை,
அரைபட்ட உழுந்துக்குள்.

நியாயாதிக்கம், என்று
மொழிபெயர்ப்பாளர் காதுக்குள் சொன்னார்.
பெரிய சொல். பிரித்துப் பார்த்தேன்.
நியாயம் பிறகாம்.
ஆதிக்கம் ஆருக்கு என்பது முதலாம்.

கம்பனியின் வக்கீல் ஹோல்க்ரோஃப்ட்
கதவைப் பிடித்து எனக்கு வழி விட்டவர்.
எழும்பிச் சொன்னார்:
என் கட்சிக்காரருக்கு இந்த மாகாணத்தில்
கந்தோர் இல்லை, கடை இல்லை, ஓர் ஆணிகூட இல்லை.
விற்றது சிங்கப்பூருக்கு. அதற்கப்பால்
அது எந்தக் கப்பல் ஏறியதென்று அவர்கள் கண்டார்களா?
சாட்சிகள் கோவையில். வரைபடங்கள் கோவையில்.
உத்தரவாதத் தாளின் பதினோராம் வரியிலும்
வழக்கென்றால் கோவை என்றே இருக்கிறது.

பதினோராம் வரியை நான் கண்டதில்லை.
அந்தத் தாள் வெள்ளை நுரைக்கட்டியோடு
அந்தக் கிழமையே குப்பைக்குப் போனது.
கோவையையும் நான் கண்டதில்லை.
மூன்று விரலால் விசா ஃபோர்ம் நிரப்பி,
பேக்கரி வேலைக்கு லீவு சொல்லி,
முகம் தெரியாத ஊரில் போய்
என் கையைக் காட்டச் சொல்கிறார் மனுஷன்,
அத்தனை மரியாதையாய்.

டிலானி எழும்பினாள். முப்பது வயதும் இராது.
சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு
ஒரு படத்தை நீட்டினாள்.
மோட்டருக்கு அடியில், எண்ணெய் படிந்த சின்னத் தகடு:
110 வோல்ட்.

கனம் நீதிபதி, இந்தியாவில் இருநூற்று முப்பது.
சிங்கப்பூரிலும் அதுதான்.
அங்கே செருகினால் இது புகையத்தான் செய்யும்.
இந்தக் கம்பியைச் சுற்றியவர்களுக்கு
இது எந்தக் கரையின் சுவருக்கென்று தெரியும்.

பஃபலோவிலும் அதே வோல்ட்தானே,
ஹோல்க்ரோஃப்ட் இருந்த இடத்திலேயே சொன்னார்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
பஃபலோவில் யாரும் விரலை இழக்கவில்லையே, வக்கீல்.

அன்று முழுக்க
அந்தச் சொல் வந்தது அந்த ஒரு தரம்தான்.
தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

பதினொரு கிழமை கழித்து
டிலானி போன் எடுத்தாள். வென்றிட்டம் அன்ரி!
எவ்வளவு தருவினம்?
கொஞ்சம் பேசாமல் இருந்தாள்.
காசில்லை அன்ரி. வழக்கு இன்னும் தொடங்கேல்லை.
இங்க தொடங்கலாம் எண்டு சொல்லியிருக்கினம்.

கையெழுத்துப் போடப் போனேன்.
கிரைண்டர் அவள் கந்தோரில்
ஃபோட்டோகொப்பி மெஷினுக்குக் கீழே கிடந்தது,
கழுத்தில் இலக்கம் கட்டி.
கல்லில் உழுந்து மா காய்ந்து ஓடாகியிருந்தது.
பழக்கம். துடைக்கக் கை போனது.
தொடாதேங்கோ, என்றாள்,
அது சாட்சி.