பனிக்கட்டியில்: ஒன்று

வருட அறிக்கையில் அந்தக் கட்டம்
எப்போதும் வெறுமையாகவே இருக்கும்.
'பனியில் அல்லது பனிக்கட்டியில் சறுக்கி விழுதல்.'
எங்கோ ஒரு குளிர்நாட்டு மேசையில்
யாரோ யோசித்து எழுதிய வகை.
கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் அதற்கு நேரே
பன்னிரண்டு வருடமாக நான்
ஒரு சின்னக் கோடு இழுத்து வந்தேன்,
வியர்வையில் தாளோடு ஒட்டும் கையால்.

இந்த வருடம் ஒன்று வந்தது.

யூஜின் அந்தோனிப்பிள்ளை, வயது நாற்பத்தியொன்று,
முகத்துவாரம். வலது தொடையெலும்பு.
எப்படி நடந்தது என்ற இடத்தில்
இரவுத் தாதி எழுதியிருந்தாள்:
ஐஸில் சறுக்கி.

ஹேமமாலி மிஸ் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"நுவரெலியாவிலயும் இல்லாத புதினமா இருக்கே.
ஈரத்தரை என்று மாத்தி விடுங்கோ,
மேலிடத்தில கேள்வி வரும்."
ஈரத்தரையில் ஏற்கெனவே முந்நூற்றுப் பதினேழு பேர்.
இன்னொருவரை அதற்குள் தள்ளினால்
சத்தமே கேட்காது.

வாட்டுக்குப் போனேன். அது என் வேலையில்லை.
கல் கட்டித் தொங்கவிட்ட காலோடு
அவர் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார்.
"முழுக் கட்டி ஐம்பது கிலோ, மிஸ்.
கொக்கி போட்டு லொறியிலிருந்து படகுக்கு இழுப்பம்.
உமி கழுவுப்பட்ட இடம் கண்ணாடி மாதிரி.
விழுந்தா நோகிறதுக்கு முதல் குளிரும்.
நோவு, பின்னால வாற கட்டியோடதான் வரும்."
பிறகு, கொஞ்சம் பெருமையாக:
"இருபது வருஷத்தில இது நாலாவதுதான்."

நாலாவது.
மற்ற மூன்றையும் எந்தத் தாளில் தேட?
ஒன்றுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்தாராம்.
ஒன்றுக்கு இரண்டு நாள் சம்பளம் போனதாம்.
மற்றது ஞாபகம் இல்லை என்றார்.

ஞாயிறு விடியமுன் மீன்துறைக்குப் போய் நின்றேன்.
மீன் வாங்க வந்தவள் போல, கையில் கூடை.
இழுப்பவர்களை எண்ணினேன்: நாற்பத்தாறு.
பாட்டா செருப்பு, சிலருக்கு அதுவும் இல்லை.
விழுந்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.
மழையில் நனைந்திருக்கிறீர்களா என்று
கேட்டது போலப் பார்த்தார்கள்.
ஒருவன் மடங்காத முழங்கையைக் காட்டினான்.
"ஆஸ்பத்திரிக்கா? விழுந்ததுக்கா?"
சிரிப்பில் லாம்பு ஆடியது.

இரண்டு கோடியே இருபது லட்சத்தால் வகுத்தால்
யூஜின் ஒரு தூசு.
நாற்பத்தாறால் வகுத்துப் பார்த்தேன்,
கால்குலேட்டரை மூடிவிட்டேன்.
பின்னத்தின் கோட்டுக்கு மேல் நிற்கிற மனிதன்
கோட்டுக்குக் கீழே நாம் எழுதுவதில்தான்
சறுக்குகிறான், அல்லது தப்புகிறான்.

இதையும் சொல்ல வேண்டும்:
ஒன்றை வைத்து ஒன்றும் சொல்லக்கூடாது
என்று படித்தவள் நான்.
அடுத்த வருடம் மூன்று வந்தால்
'மும்மடங்கு' என்று பத்திரிகை அலறும்.
அன்று விழுந்தவர்கள் கூடியிருக்க மாட்டார்கள்,
இன்னும் இரண்டு தாதிகள்
கேட்டதைக் கேட்டபடி எழுதியிருப்பார்கள்.

வின்னிபெக்கில் இருக்கும் மச்சாள் சொன்னாள்,
அங்கே முதல் பனிக்கே தெருவெல்லாம்
உப்பு தூவி லொறி ஓடுமாம்.
விழுந்தவர்களை எண்ணி வைத்த ஊர்.
இங்கேயும் உப்பு இருக்கிறது, துறைக்கு எதிரிலேயே,
மூட்டை மூட்டையாக.
கருவாட்டுக்கு.

அறிக்கை போனது. தொலைபேசி வந்தது.
"மிஸ், இந்த ஒன்று பிழையா?"
"பிழைதான் சேர். குறைவா இருக்கு."
மறுமுனையில் காற்றாடியின் சத்தம் மட்டும்
கொஞ்ச நேரம்.

யூஜின் வீடு போன நாள்
நடையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள்.
டெட்டோல் மணம், நடுவே மஞ்சள் பலகை,
அதில் கால் வழுக்கிக் காற்றில் மிதக்கும்
முகமில்லாத ஒரு கறுப்பு மனிதன்.
ஊன்றுகோலை நிறுத்தினார்.
அதன் ரப்பர் நுனியால் பலகையை மெல்லத் தட்டினார்.

"இதுக்குப் பலகை இருக்கு, மிஸ்."