மடிக்கணக்கு

செவ்வாய், வியாழன், சனி.
காலை ஐந்தேகாலுக்கு வேனைக் கிளப்புகிறேன்.
ஹீட்டர் சூடேற அரை மணி ஆகும்,
அதற்குள் நால்வரும் ஏறியிருப்பார்கள்.
எண்பத்திரண்டு மைல் தள்ளி இருக்கிறது
இவர்கள் ரத்தத்தைத் துவைத்துத் தரும் இயந்திரம்.

வழி நெடுகக் கோதுமை.
மொன்டானாவின் இந்த மூலையில்
வானத்துக்குக் கீழே வேறெதுவும் விளைவதில்லை.
அதுவும் ரயிலேறிப் போய்விடும்.
எங்களுக்கு மிஞ்சுவது பெட்ரோல் பங்க்:
உப்பு, சர்க்கரை, எண்ணெய்
மூன்றும் நூறு நிறப் பைகளில்.
கல்லாவருகே ஒரு கூடையில் வாழைப்பழம்,
ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிளாஸ்டிக்,
ஏதோ நகை மாதிரி.
மளிகைக்கடை மூடி ஒன்பது வருஷம்.

இயந்திரம் நாலு மணி நேரம் ஓடும்.
நான் வேனில் தூங்குவேன்.
ஒரு வியாழன் ஏறும்போதே ஆர்டிஸ் சொன்னாள்:
"சும்மாதானே கிடக்கிறாய்,
என் மகளுக்கு ஒரு முட்டைக்கோஸ் வாங்கி வை."

ஒரே ஒரு முட்டைக்கோஸ்.
அடுத்த வாரம் ஏழு சீட்டுகள்.
அதற்கடுத்த வாரம் பள்ளிச் சமையல்காரி லுவெல்லா
பீட்ரூட் கேட்டாள்.
அவள் வெட்டியதும் ஒரு பையன்
"ரத்தம்!" என்று ஓடினானாம்.
மறுநாள் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றானாம்.
பங்க் முதலாளி என்னிடம் பேசுவதில்லை.
அவன் மனைவியின் சீட்டு மட்டும் வருகிறது, பெயரில்லாமல்.
ரசீதுகளில் பார்த்த கையெழுத்து
எனக்குத் தெரியாதா?

பிறகு கவுண்டி அலுவலகக் கடிதம்.
நோயாளிகள் வண்டியில் சரக்கு ஏற்றக் கூடாது;
பயணி தன் மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கே அனுமதி.

வெர்லின் இரண்டு முறை படித்தான்.
தானியக் கிடங்கில் முப்பது வருஷம் எடை போட்டவன்,
எழுத்தையும் நிறுத்துத்தான் பார்ப்பான்.
"மடி எவ்வளவு பெரிது என்று
போடவில்லையே" என்றான.

நாலு மடி.
ஹோயிட்டுக்கு இருபது பவுண்டு உருளைக்கிழங்கு.
மெர்னாவுக்கு ஆரஞ்சு.
ஆர்டிஸ் மெலிந்துவிட்டாள், அவளுக்குக் கீரை.
வெர்லின் தக்காளி; வேறு யாரிடமும் தரமாட்டான்.

இதில் ஒன்றையும் இவர்கள் தின்னக் கூடாது.
பொட்டாசியம்.
நெஞ்சு நின்றுவிடும் என்று
நர்ஸ் சுவரில் படம் ஒட்டியிருக்கிறாள்:
உருளை, ஆரஞ்சு, கீரை, தக்காளி,
எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு.
அந்தப் படம் முழுவதும்
என் பின் இருக்கைகளில் உட்கார்ந்து ஊர் வருகிறது.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம்.
இருக்கிறதுதான்.
கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி, குறுக்கே பாயும் மான்.
ஆனால் கனத்தோடு வரும் நாளில்
யாரும் தூங்குவதில்லை, யாரும் முனகுவதில்லை.
ஹோயிட் உருளைகளுக்கு சீட் பெல்ட் மாட்டுகிறான்.

பிப்ரவரியில் ஆர்டிஸ் இறந்தாள்.
ஒரு மடி குறைந்தது என்று
ஒருவரும் சொல்லவில்லை.
அந்தச் சனிக்கிழமை
லுவெல்லாவின் சமையலறைக்குக் கீரை போகவில்லை,
அவ்வளவுதான்.

அடுத்த வியாழன் ஐந்து மணிக்கு
ஆர்டிஸின் மகள் கோர்லிஸ்
தபால் நிலைய விளக்கடியில் நிற்கிறாள்,
கையுறை இல்லாமல்.
நோயாளிக்கு ஒரு துணை வரலாம் என்று
விதியில் இருக்கிறதாம். படித்திருக்கிறாள்.
யாருக்குத் துணை?
வெர்லின் படிவத்தை வாங்கினான்.
'உறவு' என்ற கட்டத்தில்
'மடி' என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

இப்போது ஆறு பேர் வருகிறோம், என்னைச் சேர்க்காமல்.
கவுண்டிக்கு இன்னும் பதில் எழுதவில்லை.
டயர் ஒன்று தேய்ந்திருக்கிறது.
வெங்காயம் அழுகல் என்று ஒருத்தி
திருப்பி அனுப்பிவிட்டாள், காசு என் கையிலிருந்து.

திரும்பும் வழியில், நாற்பதாவது மைலில்,
வெர்லின் காகிதப் பையைத் திறந்து
முகத்தை உள்ளே விடுகிறான்.
காம்பு வாசனை முன் இருக்கை வரை வருகிறது.
கண்ணாடியில் பார்க்கிறேன்.
"மூச்சுக்கு எத்தனை மில்லிகிராம்?" என்கிறான்.
எனக்குத் தெரியாது என்கிறேன்.
பையை மடித்து மூடி
மறுபடி திறக்கிறான்.