முன்சில்லு

அன்ஸ்லம் எனக்குத் தரவேண்டியது ஒன்றரை லட்சம்.
காசுக்குப் பதிலாக ஒரு மாலை
ஐம்பத்தாறாம் ஆண்டு பி.எஸ்.ஏ. ஒன்றைத்
தள்ளிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தான்.
"ஓடும்" என்றான்.
நிற்குமா என்று நான் கேட்கவில்லை.

நிற்கவில்லை.
முதல் நாளே காலி வீதியில்
நூறாம் இலக்க பஸ்ஸின் பின்கண்ணாடி
பெரிதாகிப் பெரிதாகி வந்தது.
இரண்டு செருப்பையும் தார்மேல் தேய்த்து நிறுத்தினேன்.
ஒன்று இன்னும் ஹம்டன் லேன் முகப்பில் கிடக்கும்.

சனிக்கிழமை, ஃப்ளாட்டின் கீழே
கார் நிறுத்தும் இடத்தில் சில்லைக் கழற்றினேன்.
ஊதாதே, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாதென்று
நஸ்மி சொல்லியிருந்தான்.
ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன்.
யாரோ எங்கெங்கோ நின்ற நிற்றல்களெல்லாம்
கறுப்பாகத் துணியில் ஏறின.

உள்ளே இரண்டு பிரேக் சூ,
நடுவில் எழுத எதுவுமில்லாத
அடைப்புக்குறிகள் போல.
கேமுக்கும் ஒரு சூவுக்கும் இடையே
ஒரு தகரத் துண்டு.
பால்மா பேணியில் வெட்டியது.
பசுவின் ஒரு காது, அதன்கீழ் "மா".
சிரித்துவிட்டேன்.
ஒரு மாட்டின் காதை நம்பியா
ஒருவன் இந்தக் கொழும்பு முழுக்க ஓடித் திரிந்தான்?

பஞ்சிகாவத்தையில் நஸ்மி
சூ இரண்டையும் கையில் ஏந்தி எடை பார்த்தான்.
"புதுசு வராது. இதுக்கு மேலயே அடிக்கலாம்."
எதிர்க் கடைப் படியில் தயாசேன
புது லைனிங்கை வளைத்து வைத்து
நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனார்,
சூவுக்கு எட்டு, செப்பு றிவிட்.
எட்டுக்கும் அவர் சுத்தியல்
ஒரே சத்தம்தான் சொன்னது.

மகளின் வெண்கட்டியை எடுத்து
ட்ரம்மின் உட்சுவர் முழுக்கப் பூசினேன்.
பூட்டி, சுற்றி, பிடித்து, கழற்றிப் பார்த்தால்
சூவில் எங்கே வெள்ளையோ
அங்கே மட்டும்தான் தொட்டிருக்கிறது.
அந்த மேட்டை அரத்தால் இரண்டு இழுப்பு.
மறுபடி பூட்டி, சுற்றி, பிடித்து, கழற்றி.
எட்டாம் முறையோடு அவள் எண்ணுவதை விட்டாள்.
"எல்லா இடமும் வெள்ளையானா முடிஞ்சுதா?"
ஓம் என்றேன்.

எல்லா இடமும் வெள்ளையானது. முடியவில்லை.
பிரேக் பிடி ஹாண்டிலைத் தொடும்வரை
சும்மா வந்தது.
கேம் தேய்ந்திருந்தது, அரை மில்லிமீட்டர்.
நஸ்மிக்கு அடித்தேன்; வெள்ளிக்கிழமை மத்தியானம்,
பள்ளிக்குப் போயிருந்தான்.
போனைக் கையில் வைத்தபடி
குப்பை வாளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
போன வாரமே நகரசபை லொறி வந்துவிட்டது.

ரொஷாந்தி நத்தார் பிஸ்கட் பேணியிலிருந்து
பொத்தான்களைத் தட்டில் கொட்டினாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
தன் கத்தரிக்கோலைத் தரமாட்டேன் என்றாள், அவ்வளவுதான்.
மூடியில் ஒரு கீலம் வெட்டி
இரண்டாய் மடித்தால் அரை மில்லிமீட்டர்.
ரோசாப்பூவில் பாதி வந்தது.
அடுத்தவன் ஒருநாள் திறந்து சிரிக்கட்டும்.

கடைசி நட்டை
பிரேக்கைப் பிடித்தபடியேதான் இறுக்கவேண்டும்.
அப்போதுதான் சூ இரண்டும்
தங்கள் நடுவைத் தாமே தேடிக்கொள்ளும்.
விட்டுவிட்டு இறுக்கினால்
ஒன்று உழைக்கும், மற்றது பார்த்துக்கொண்டிருக்கும்.
மகள் இரண்டு கையாலும் பிடித்தாள்.
பல்லையும் கடித்துக்கொண்டாள்.

எங்கள் லேன் கடலை நோக்கி இறங்கும்.
முடிவில் மரைன் டிரைவ்,
அப்பால் தண்டவாளம்,
அதற்கும் அப்பால் கேட்க ஆளில்லை.
பாதிச் சரிவில் பிடித்தேன்.
கத்தியது பாருங்கள்,
தெம்பிலிக்காரர் வண்டியை இழுத்துக்கொண்டு
மதிலோரம் ஒதுங்கிவிட்டுத்தான் திரும்பினார்.
இருபது அடி முன்னாலேயே நின்றிருந்தேன்.
கால் இரண்டிலும் செருப்பு.
பாணந்துறை றெயில், கதவில் தொங்கிய ஆட்களோடு,
தன் பாட்டுக்குப் போனது.

இரவு அன்ஸ்லம் கதைத்தான்.
"எப்பிடி, ஓடுதா?"
"நிக்குது."
"அப்ப எங்கட கணக்கு முடிஞ்சுதுதானே?"

பின்சில்லை
இன்னும் திறந்து பார்க்கவில்லை என்றேன்.