தன்மேற்கோள் நீக்கி

மோன்தேவிதேயோவில் ஜூலை, நல்ல குளிர்.
ஆற்றுப்பக்கக் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது.
மாத்தே குடுவையில் தண்ணீர் ஆறிவிட்டது.
நாளை காலை பத்து மணிக்குள்
டாக்டர் ஒஃபேலியா எச்செவெரியை
ஒரே பக்கத்தில் எண்ணாக்கித் தர வேண்டும் நான்.

முதலில் அவரை ஒருவராக்க வேண்டியிருந்தது.
தரவுத்தளத்தில் அவர் மூன்று பேர்.
மணமானபோது ஒருவர், விவாகரத்துக்குப் பின் ஒருவர்,
அச்சுப்பிழையில் பிறந்து
பதினான்கு மேற்கோள்களோடு தனிக்குடித்தனம் நடத்தும் ஒருவர்.
மூவரையும் பிடித்து வந்து ஒரு பெயருக்குள் உட்காரவைத்தேன்.
எச்-குறியீடு பத்தொன்பது என்றது திரை.
பத்தொன்பது கட்டுரைகள்,
ஒவ்வொன்றையும் பத்தொன்பது பேராவது சொல்லியிருக்கிறார்கள்.
என்ன சொன்னார்கள் என்பது வேறு பிரிவின் வேலை.
அப்படியொரு பிரிவு இல்லை.

அடுத்து வரைபடம்.
உடன் எழுதியவர்கள் புள்ளிகள்,
சேர்ந்து எழுதியவை கோடுகள்.
ஸரகோஸாவுக்கு ஒரு தடித்த கோடு,
பொர்த்தோ அலெக்ரேவுக்கு இரண்டு.
ஓரத்தில், நூலிழை ஒன்றில் தொங்கியபடி,
நெல்சன் பென்தாங்கோர். நிறுவனம்: காலி.
தேடிப் பார்த்தேன்.
துராஸ்னோ ஆடறுப்புக் கூடத்தில் ஈரல் சோதிப்பவர்.
நீர்க்கட்டி விழுந்த ஈரல்களை ஆறு வருடம்
பீச் ஜாம் ஜாடிகளில் அடைத்து
இரவுப் பேருந்தில் ஏற்றிவிட்டிருக்கிறார்.
வலுவற்ற இணைப்புகளை நீக்கவா என்று மென்பொருள் கேட்டது.
வேண்டாம் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அவர் உயரத்தில் பாதி
இரண்டாயிரத்து மூன்றின் ஒரு கட்டுரைமேல் நிற்கிறது.
ஆட்டு மந்தை நாய்களுக்கு
ஆறு வாரத்துக்கொரு முறை புழு மாத்திரை போதும் என்பது அது.
நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்.
விதியில் இல்லாத வேலையாகச் சிலவற்றைத் திறந்தேன்.
துருக்கியில் ஒருவர்: எச்செவெரி சொன்னதற்கு மாறாக.
வேல்ஸில் ஒருவர்: எச்செவெரியின் கணக்கு இங்கே பொய்த்தது.
பிஷ்கெக்கில் ஒருவர் படிக்காமலே எடுத்தாண்டிருக்கிறார்,
தலைப்பில் நாய் என்பது நரி ஆகியிருந்தது.
வைததும் ஒன்று, வாழ்த்தியதும் ஒன்று,
நரியும் ஒன்று.

இரண்டாயிரத்து ஒன்பது.
உள்ளூர்க் கால்நடை இதழ், இரண்டே பக்கம், ஸ்பானியத்தில்.
"முன்பு நான் சொன்னது தவறு.
முப்பது நாள். அதற்கு மேல் தாமதித்தால்
புழு முட்டையிட்டுவிடுகிறது.
என் கணக்கை நம்பிய பண்ணையொன்றில்
ஏழு வயதுச் சிறுமிக்கு ஈரலில் அறுவை செய்தோம்."
மேற்கோள்கள் பதினொன்று.
அவற்றில் ஒன்பது அவருடையவையே.
அதன் பிறகு எதைப் பற்றி எழுதினாலும்,
ஊசிமுனை அளவைப் பற்றி எழுதினாலும்கூட,
அடிக்குறிப்பில் அந்த இரண்டு பக்கத்தைக்
கொண்டுவந்து வைத்திருக்கிறார்,
விருந்துக்கெல்லாம் கடன்பத்திரத்தோடு போகிறவரைப் போல.

கையேடு, விதி ஏழு: தன்மேற்கோள்களை நீக்குக.
தற்புகழ்ச்சியைத் தடுக்கவாம்.
கட்டத்தில் டிக் போட்டேன்.
ஒன்பதும் போயின.

பட்டியல் சரிதானா என்று கேட்க
மாலையில் அவருக்குத் தொலைபேசினேன்.
பின்னால் ஏதோ நாய் விடாமல் குரைத்தது.
குறியீட்டைச் சொன்னேன். உம் என்றார்.
நானூற்றுப் பன்னிரண்டைச் சொன்னேன்.
அதற்கு உம்மும் இல்லை.
"அந்த இரண்டு பக்கம் இருக்கிறதா?"
இருக்கிறது, டாக்டர்.
"எத்தனை?"
விதிப்படி இரண்டு.
நாயை அதட்டிவிட்டு மறுபடி வந்தார்.
"இரண்டா? போன வருடம்
ஒன்றுதானே இருந்தது."